ஆட்கடத்தல் அபாயம்: குறைவு

நாடு விட்டு நாடு ஆள் கடத்தும் கும்பலின் உள்ளூர் முகவருக்கு நான் பொன்னாடை போர்த்தினேன்.

இதில் உருவகம் எதுவும் இல்லை. நிஜப் பொன்னாடை... ஆரஞ்சு நிறம், ஓரத்தில் ஜரிகை. நிஜ மேடை, நிஜ ஒலிபெருக்கி, எதிரே நூறு பேர். என் இரண்டு கைகளாலும் விரித்து, அந்த மனிதரின் தோளில் போட்டு, கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தேன்!

அன்றைய கருத்தரங்கின் தலைப்பையும் சொல்லிவிடுகிறேன். 'எல்லை கடந்த குற்றக் கும்பல்கள்: நம் ஊருக்கான அச்சுறுத்தல் மதிப்பீடு.' மதிப்பிட்டவன் நான்.

சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள். இருபது வருடமாக உங்களைச் சிரிக்க வைத்துத்தான் காலம் தள்ளுகிறேன். ஆனால் இன்று சொல்லப்போவதில் பொன்னாடை சின்ன விஷயம். அதற்குப் பிறகு நான் செய்தது இருக்கிறதே... அதைக் கடைசிவரை கேட்டுவிட்டு என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வாருங்கள்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் பிரெஞ்சு நடத்துகிறேன். மாலை வேளைகளில் மேடையில் நகைச்சுவை பேசுகிறேன். பட்டிமன்றம், காதணி விழா, பணி ஓய்வுப் பாராட்டு, எதுவானாலும் சரி. மூன்று மொழிகளில் கரைகண்டவன் என்று என்னைப் பற்றி ஒரு வதந்தி ஊரில் உலவுகிறது. பரப்பியவன் நான்தான். பிரெஞ்சு வாத்தியார் என்பதால் பழைய ஆட்களுக்கு நான் 'முசே'. இந்த ஊரில் சாக்கடை அடைத்துக்கொண்டால்கூடப் பிரெஞ்சு தெரிந்தவனிடம் கருத்துக் கேட்பார்கள். அவனும் கூச்சமில்லாமல் சொல்வான்.

அப்படித்தான் அருணாசலம் வந்தார். விழிப்புணர்வு மன்றம் ஒன்றின் செயலாளர். கையில் தலையணை மாதிரி ஒரு பிரெஞ்சு அறிக்கை.

"முசே, இத ஒரு பத்துப் பக்கத்துக்குத் தமிழ்ல சுருக்கிடுங்க. நம்ம ஊருக்கு எது எவ்ளோ ஆபத்துன்னு கடைசில ஒரு அட்டவணை. நீங்களே பேசிடுங்க. சிரிக்கச் சிரிக்க இருக்கணும், ஆமா!"

உழைத்தேன். பொய் சொல்லவில்லை, மூன்று வாரம் உழைத்தேன். கும்பல்கள் ஆள் பிடிக்கும் விதத்தை நான்காம் பக்கத்தில் எழுதினேன். சுலபமான கணினி வேலை என்பார்கள். முதலில் சுற்றுலா விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். பயணச்சீட்டை அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள். இறங்கியதும் பாஸ்போர்ட் அவர்கள் கைக்குப் போய்விடும். பிறகு வண்டியில் ஏற்றி, இன்னொரு நாட்டு எல்லைக்குள், வேலி போட்ட ஒரு வளாகத்துக்கு... 

இது என் கையெழுத்தில் நான் எழுதியது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டவணையைப் படித்துப் பார்த்த அருணாசலம் முகத்தைச் சுளித்தார்.

"ஆட்கடத்தல் 'அதிகம்'னு போட்டிருக்கீங்களே?"

"அறிக்கை அப்படித்தான் சொல்லுது."

"அது உலகத்துக்கு முசே. நம்ம ஊரு சேஃப்னு முடிங்க. லாட்ஜுக்காரங்கல்லாம் வராங்க, சீசன் நேரம் வேற."

'அதிகம்' என்பதை அடித்து 'நடுத்தரம்' என்று எழுதினேன். ஆனால் அதற்கு மேலே, கடல்வழிக் கடத்தலுக்கும் போதைப் பொருளுக்கும் ஏற்கெனவே 'நடுத்தரம்' போட்டாயிற்று. மூன்று நடுத்தரம் வரிசையாக நின்றால் பார்க்க நன்றாக இல்லை. எனவே ஆட்கடத்தலுக்குக் 'குறைவு' என்று போட்டேன்.

ஒரு ஊரின் பாதுகாப்பு இப்படித்தான் மதிப்பிடப்பட்டது... பக்கத்தின் அழகு கருதி!

கருத்தரங்கில் என் பேச்சு எடுபட்டது. கடத்தல்காரன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வருவான் என்று காத்திருக்கும் நம் போலீஸ்காரர்களைப் பற்றி நான் சொன்னதற்குப் பின்வரிசைவரை சிரித்தார்கள். முன்வரிசையில் வெள்ளை முழுக்கைச் சட்டைக்காரர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அந்த அரங்கில் என் உரையைப் பொருட்படுத்தியவர் அவர் ஒருவர்தான் என்பதை இன்று கசப்போடு ஒப்புக்கொள்கிறேன்.

அவர் பெயர் பிரகாஷ். அன்றைய மதியச் சாப்பாடு அவர் உபயம்.

உபயதாரரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி, பேச்சாளர் அவரைப் பற்றி நான்கு வார்த்தை நல்லபடியாகச் சொல்ல வேண்டும். நம் மேடை மரபு உங்களுக்குத் தெரியாததா? அவரை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நான் இதுவரை நானூறு பேரையாவது புகழ்ந்திருப்பேன். அதில் எனக்குத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் தேற மாட்டார்கள். தெரிந்தவர்களைப் புகழ்வது கடினம்.

அருணாசலத்தின் காதருகே குனிந்தேன். "என்ன செய்யறாரு?"

"ஃபாரின் வேலைக்கு ஆளுங்கள அனுப்பறாரு."

"ஆளு எப்படி?"

"பிரியாணி போடறாரு முசே. நல்லதா நாலு சொல்லுங்க."

சொன்னேன். ஒலிபெருக்கியைப் பிடித்தால் எனக்கு வார்த்தை தானாக வரும். அதுதான் என் வியாதி. "பிரகாஷ் அவர்கள் கையில் உங்கள் பிள்ளையை ஒப்படைத்தால், அது என் கையில் ஒப்படைத்த மாதிரி!" என்றேன். கைதட்டல்! அந்தக் கைதட்டலுக்காகத்தான் சொன்னேன். வேறு காரணம் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன்... கிடைக்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் பிரகாஷ் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மெதுவாக, மரியாதையாகப் பேசுகிற மனிதர்.

"டிக்கெட் கடைன்னு தான் சார் போர்டு வச்சிருக்கேன். ஆனா ஃபாரின் கம்பெனிங்களுக்கு ஆள் எடுக்கறது பூரா நான்தான். யாரு எந்த கம்பெனிக்குப் போவணும்னு நான் சொல்றதுதான் சார்."

"பெரிய பொறுப்பு" என்றேன், கோழி எலும்பைக் கடித்தபடி.

"அந்த நாலாம் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கிடைக்குமா சார்? ரொம்ப உபயோகமா இருக்கும்."

கொடுத்தேன். கேட்காமலே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்!

இரண்டு மாதம் கழிந்தது.

எங்கள் கல்லூரி வாசலில் மணிவண்ணன் என்று ஒரு காவலாளி. பஞ்சாலையில் நெசவுப் பிரிவில் இருந்தவர். ஆலை மூடியபின் இந்த நீலச் சட்டைக்கு வந்தவர். அரியாங்குப்பத்திலிருந்து தினமும் சைக்கிளில் ஆற்றுப்பாலம் தாண்டி வருவார். என் ஸ்கூட்டர் நுழையும்போது ஒரு சல்யூட் அடிப்பார். கல்லூரியில் முதல்வருக்கு அடுத்து எனக்குத்தான் அந்தச் சல்யூட். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்ற பயம்.

அன்று அவர் சல்யூட்டுக்குப் பிறகு என்னை நிறுத்தினார். கையில் கைப்பேசி. திரையில் நான்... ஆரஞ்சுப் பொன்னாடை, பல்வரிசை, ஒப்படைத்தால் ஒப்படைத்த மாதிரி. அந்த ஒரு துண்டை மட்டும் வெட்டிப் பிரகாஷ் தன் விளம்பரமாக ஊர் முழுக்க அனுப்பிக்கொண்டிருந்தார்.

"சார், இது நீங்கதான?"

"நான்தான் மணி."

"நம்ம பொண்ணு கயல்விழிக்கு இவரு ஒரு வேலை சொல்றாரு சார். கம்ப்யூட்டர் படிச்சிட்டுத் துணிக்கடையில பில்லு போட்டுக்கினு கெடக்குது. பாங்காக்ல டைப் அடிக்கிற வேலையாம். மொதல்ல டூரிஸ்ட் விசாவுல போய்ட்டு அங்க மாத்திக்கலாமாம். டிக்கெட்டும் அவங்களே எடுக்கறாங்களாம். அதான்... நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா அனுப்பிடுவேன்."

கேட்டீர்களா? வரிசை மாறாமல், ஒரு சொல் பிசகாமல் என் நான்காம் பக்கம் அவர் வாயிலிருந்து வந்தது. எனக்கு உறைத்தது! உறைக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. 'வேண்டாம் மணி' என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

ஆனால் வேண்டாம் என்றால் அடுத்த கேள்வி வருமே... 'அப்போ மேடையில சொன்னீங்களே சார்?' அந்தக் கேள்விக்கு உண்மையான பதில், 'அந்த ஆளை எனக்கு யாரென்றே தெரியாது மணி. பிரியாணிக்காகச் சொன்னேன்' என்பது. எனக்குச் சல்யூட் அடிக்கிற ஒரே மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது?

"தைரியமா அனுப்புங்க மணி" என்றேன்.

மூன்றே வார்த்தை. பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. வண்டியைக் கிளப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அன்று முதல் வகுப்பில் வினைச்சொற்களின் எதிர்காலம் நடத்தினேன் என்பதுகூட நினைவிருக்கிறது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலைப் பொழுதில் மணிவண்ணன் ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார். அதுவரை அவர் அந்தக் கட்டிடத்துக்குள் நுழைந்து நான் பார்த்ததில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"சார், பாப்பா யாரோட போன்லயோ பேசுச்சு சார். பாங்காக்ல இல்லியாம். ஆத்தத் தாண்டி வேற எங்கயோ கொண்டாந்துட்டாங்களாம். சுத்தி வேலியாம், துப்பாக்கி வச்சிக்கினு நிக்கறாங்களாம். வேற பொம்பள பேர்ல, போட்டோ வச்சி, ஆம்பளைங்களுக்கு மெசேஜ் அனுப்பி ஏமாத்தச் சொல்றாங்களாம். செய்யலன்னா அடியாம் சார்..." தொப்பியை மறு கைக்கு மாற்றினார். "யார்கிட்டயும் போவாத, சாரப் போயி பாருன்னு சொல்லிச்சு சார்."

என்னைப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள்!

இப்போது வருகிறது நான் மறைத்தது.

"உட்காருங்க மணி, ஒரு நிமிஷத்துல வரேன்" என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டேன். தூதரகத்தைக் கூப்பிட்டேனா? காவல் நிலையத்தைக் கூப்பிட்டேனா? அருணாசலத்தைக் கூப்பிட்டேன். "உங்க மன்றத்து ஃபேஸ்புக் பக்கத்துல அந்தப் பொன்னாடை வீடியோ இருக்குல்ல, அத உடனே எடுத்துடுங்க" என்றேன். ஏன் என்று கேட்டார். "அதுல நான் கொஞ்சம் குண்டா தெரியறேன்" என்றேன்.

வேலிக்குள் ஒரு பெண் இருக்கிறாள்... வெளியே நாற்காலியில் அவள் தகப்பன் தொப்பியைப் பிசைந்துகொண்டிருக்கிறான்... நான் நகைச்சுவை பண்ணிக்கொண்டிருக்கிறேன்!

பிறகு முகத்தைக் கழுவி, தகுந்த சோகத்தை வரவழைத்துக்கொண்டு வெளியே வந்தேன். புகார் மனுவைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நானே எழுதினேன். அழகான மனு. 'முகவரின் ஆசை வார்த்தைகளை நம்பி' என்று ஒரு வரி. யாருடைய வார்த்தைகளை நம்பி என்பது எழுதிய கைக்குத் தெரியும்.

காவல் நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். பெரிய மனிதன் துணைக்கு வந்திருக்கிறான் என்று நாற்காலி போட்டார்கள். மணிவண்ணன் நின்றுகொண்டிருந்தார். ஆய்வாளர் மனுவைப் படித்து முடித்து நிமிர்ந்தார்.

"யாருய்யா சொல்லி இந்த ஆள நம்புன?"

மணிவண்ணன் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். மூன்று இறக்கை. அதில் ஒன்றில் ஒட்டடை.

"ஊர்ல நல்லவிதமா சொன்னாங்க சார்."

"யாரு சொன்னது? பேரு இல்லியா?"

"ஞாபகம் இல்லீங்க."

ஆய்வாளருக்குக் கோபம் வந்துவிட்டது. "பெத்த பொண்ண அனுப்பறியே, படிச்ச ஆளுங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலியா உனக்கு? இதோ, சாரு மாதிரி ஒருத்தர் பக்கத்துலயே இருக்காரே!"

மணிவண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதாங்க" என்றார்.

தப்பு என்று அவர் சொன்னார். என் தப்பை அவர் வாங்கி, அவர் தப்பாகப் பதிவு செய்துகொண்டார். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். யோசித்துப் பாருங்கள்... எழுந்துகூட நிற்கவில்லை!

எல்லை கடந்த குற்றத்தைப் பற்றி அறிக்கை எழுதுகிறவர்கள் கடலை அளக்கிறார்கள். துறைமுகத்தை, விமான நிலையத்தை, அலைபேசிக் கோபுரத்தை அளக்கிறார்கள். நானும் அளந்தேன். அந்தக் கும்பலிடம் ஆயுதம் இருந்தது, வேலி இருந்தது, மூன்று நாட்டில் ஆள் இருந்தது. அரியாங்குப்பத்தில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டித் திறக்க வைக்கும் மரியாதை மட்டும் அவர்களிடம் இல்லை. அதற்கு உள்ளூரில் ஒருவன் வேண்டியிருந்தது. ஒரு காவலாளி சல்யூட் அடிக்கிற ஒருவன். ஒரு தட்டு பிரியாணிக்கு அது அவர்களுக்குக் கிடைத்தது. என் அட்டவணையில் இதற்கென்று ஒரு வரி கிடையாது.

எட்டு மாதம் கழித்துக் கயல்விழி திரும்பி வந்தாள். மீட்கப்பட்டவர்களை அரசு விமானத்தில் அழைத்து வந்தபோது அவர்களில் ஒருத்தியாக வந்தாள். அந்த எட்டு மாதமும் மணிவண்ணன் வாசலில் எனக்குச் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார். ஒருநாள்கூடத் தவறவில்லை. தண்டனை கொடுக்கத் தெரிந்தவர்களால்கூட இதைவிட நுட்பமாக ஒன்றைக் கண்டுபிடிக்க முடியாது. அவருக்கோ அப்படி ஓர் எண்ணமே இல்லை. அதுதான் இன்னும் மோசம்.

பிரகாஷைப் பிடித்தார்கள். ஜாமீனில் வந்துவிட்டார். 'நான் டிக்கெட் விற்றேன், அவ்வளவுதான்' என்பது அவர் கட்சி. வேறொரு தெருவில், வேறொரு பெயர்ப்பலகையோடு மறுபடியும் கடை திறந்தாயிற்று. பாதிக்கப்பட்ட குடும்பம் சொல்வது மட்டும் போதாது, ஆள் எடுத்தது தான்தான் என்று அவரே சொல்லிக் கேட்ட வெளியாள் ஒருவர் சாட்சி சொன்னால் வழக்கு நிற்கும் என்று ஆய்வாளர் மணிவண்ணனிடம் சொன்னாராம். வாசலில் என்னை நிறுத்தி மணிவண்ணனே இதைச் சொன்னார். "அப்படி யாரு சார் வருவாங்க?" என்றார்.

கோழி எலும்பு ஞாபகம் வந்தது. கேட்ட வெளியாள் ஒருவன் இருக்கிறான். ஆனால் அவன் வாயைத் திறந்தால் பொன்னாடை வெளியே வரும், நான்காம் பக்க ஜெராக்ஸ் வெளியே வரும், கழிப்பறைத் தொலைபேசி வெளியே வரும். நகைச்சுவைப் பேச்சாளனைப் பார்த்து ஊரே சிரிக்கும்... முதல்முறையாக, நான் கேட்டுக்கொள்ளாமலே!

மூன்று மாதம் தூக்கமில்லாமல் புரண்டபின், போன ஞாயிற்றுக்கிழமை அரியாங்குப்பம் போனேன். போலீசிடம் போகத் துணிவில்லாதவன் பாதிக்கப்பட்டவர் வீட்டுக்குப் போகிறான். பரிகாரத்தில்கூடச் சிக்கனம்!

இரண்டு அறை வீடு. மணிவண்ணன் பனியனோடு இருந்தவர் என்னைப் பார்த்ததும் பதறிச் சட்டையை மாட்டினார். கயல்விழி தரையில் உட்கார்ந்து துணிக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயதுப் பெண்ணின் முகத்தில் அப்படி ஓர் அமைதியை நான் பார்த்ததில்லை. பார்க்க விரும்பவும் இல்லை. பக்கத்து வீட்டில் யாருடைய கைப்பேசியிலோ குறுஞ்செய்தி வந்த சத்தம் கேட்டது. அவள் தோள் தூக்கிப் போட்டது. ஊசி கையில் ஏறிவிட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். பிரியாணி, அட்டவணை, வாசலில் சொன்ன மூன்று வார்த்தை, கழிப்பறை, மின்விசிறி, பிரகாஷ் என்னிடம் சொன்னது. ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போயிருந்தேன். எந்த இடத்தில் குரல் உடைய வேண்டுமோ அந்த இடத்தில் சரியாக உடைந்தது. உள்ளே ஒருவன் அதைக் கவனித்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தான். இதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மணிவண்ணன் எழுந்துபோய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பிறகு, "வுடுங்க சார். பெரியவங்க நீங்க..." என்று ஆரம்பித்தார்.

"ஏம்பா வுடணும்?" என்றாள் கயல்விழி. குரல் உயரவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "பிரகாஷ் சொன்னத நீங்க காதால கேட்டீங்கல்ல சார்? இப்போ எங்ககிட்ட சொன்னத அப்படியே ஸ்டேஷன்ல வந்து சொல்வீங்களா? நாளைக்குக் காலைல நானும் அப்பாவும் வரோம். இன்னும் ரெண்டு பொண்ணுங்க அந்தாளுகிட்ட பாஸ்போர்ட் குடுத்திருக்குதுங்க. எனக்குத் தெரியும்."

என்ன ஒரு சுலபமான கேள்வி! ஆம், இல்லை என்று இரண்டே விடை. மூன்று மொழியிலும் எனக்கு அந்த இரண்டு சொற்களும் தெரியும்.

"யோசிச்சு... சொல்றேம்மா" என்றேன். "வக்கீல் ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

இன்று வியாழன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் எல்லாவற்றையும் கொட்டுகிறேன். ஏனென்றால் நீங்கள் இதைப் படித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போடு, நீதிமன்றத்துக்கு வா என்று கேட்கப்போவதில்லை. அந்த இரண்டு பெண்களின் பாஸ்போர்ட்டும் இன்னும் அந்தக் கடை மேசைக்குள்தான் இருக்கிறதா, தெரியவில்லை. தினமும் காலையில் செருப்பை மாட்டுகிறேன். காவல் நிலையம் இருக்கும் தெருமுனைவரை போகிறேன். கல்லூரிக்கு நேரமாகிவிடுகிறது.

அன்று நான் அப்படி இழுத்ததும் கயல்விழி என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். ஊருக்குத் திரும்பிய பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று மணிவண்ணன் பிற்பாடு சொன்னார்.

"பயப்படாதீங்க சார்" என்றாள், அடுத்த பொத்தானை எடுத்தபடி. "உங்கள நம்பி ஒண்ணும் கேக்கல."